பலகை அறுக்கும் நடமாடும் இயந்திரம்: சக்கரமும் அதன் ரப்பர் வளையமும்



தோட்டத்தில் மறுநடவு நடக்கும் காலத்தில் எழும் ஓசைகளை நீங்கள் அறிவீர்கள். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்த மரங்கள் ஒவ்வொன்றாகச் சாயும். பிறகு லாரிகள் வரும். அதற்கடுத்து, சில இடங்களில், தேனீக் கூட்டம் இரைவது போல ஓர் ஓசை காலை முதல் மாலை வரை கேட்டுக்கொண்டே இருக்கும். அதுதான் பட்டை வாள் பூட்டிய நடமாடும் இயந்திரத்தின் ஓசை. மரத்தை ஆலைக்குக் கொண்டு போவதற்குப் பதிலாக, ஆலையே சக்கரம் கட்டிக்கொண்டு மரத்தைத் தேடி வருகிறது. அமெரிக்காவில் இந்தியானாபோலிஸ் நகரில் 1982-இல் தொடங்கப்பட்ட உட்-மைசர் என்னும் நிறுவனம் இவ்வகை இயந்திரங்களைப் பல நாடுகளுக்கும் அறிமுகப்படுத்திய நிறுவனங்களில் ஒன்று. இன்று பல நாட்டுத் தயாரிப்புகள் கிடைக்கின்றன.

இன்றைய பேச்சில் இந்த இயந்திரம் முழுவதையும் பற்றிச் சொல்லப் போவதில்லை. அதிலுள்ள இரண்டு சக்கரங்களையும் அவற்றின் மேல் மாட்டியிருக்கும் ரப்பர் வளையங்களையும் பற்றி மட்டும் சொல்லப் போகிறேன். "இது பட்டறைக்காரர்கள் விஷயம், நமக்கென்ன?" என்று தாய்மார்கள் வானொலிப் பெட்டியை அணைத்துவிட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த ஒரு பொருள்தான் இந்தக் கதையில் முக்கிய இடத்தில் நிற்கிறது. அது எது என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்திலிருந்து எனக்கு ஆள் வந்தது. அண்ணன் தம்பி இருவரும், அவர்கள் மாமன் மகன் ஒருவனும் சேர்ந்து பழைய நடமாடும் இயந்திரம் ஒன்றை வாங்கியிருந்தார்கள். போட்ட முதல், அவர்கள் பெற்றோர் பல ஆண்டுகள் பால்வெட்டிச் சேர்த்த பணம். மறுநடவுக்குச் சாய்த்த கித்தா மரங்களை அறுத்துக் கொடுக்கும் குத்தகை கிடைத்திருந்தது. முதல் மாதம் நன்றாக ஓடியது. இரண்டாம் மாதம் தொடங்கியது தொல்லை. காலையில் பசியாறிவிட்டுப் புது வாள் மாட்டினால் பத்து மணிக்குள் உடைந்துவிடும். உடையாத வாள் அறுத்த பலகையோ அலை அலையாக வரும். அப்படிப்பட்ட பலகையை எந்த நாற்காலித் தொழிற்சாலை வாங்கும்? தகப்பனார் இயந்திரத்தை வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வாள் விற்ற கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, எட்டு வாள் போயிருச்சு. இரும்பே சரியில்ல" என்றான் மூத்தவன்.

"வாள் இருக்கட்டும் தம்பி. இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து என் கையில் கொடு. மூடியைத் திற, சக்கரத்தைப் பார்ப்போம்" என்றேன்.

மூடியைத் திறந்தபோது என்ன கண்டோம் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், அந்த மூடிக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

பட்டை வாள் என்பது நுனியும் அடியும் இல்லாத வாள். நீளமான, மெல்லிய எஃகுப் பட்டையின் இரு முனைகளையும் பற்றவைத்து வளையமாக்கி, ஒரு விளிம்பில் பல் வெட்டியிருப்பார்கள். சிறு இயந்திரங்களில் அதன் அகலம் பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலம். இந்த வளையத்தை இரண்டு சக்கரங்களின் மேல் மாட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். ஒரு சக்கரத்தை இஞ்சின் சுழற்றும். அதை ஓட்டுச் சக்கரம் என்போம். மற்றது சும்மா சுற்றிக் கொடுக்கும். அது துணைச் சக்கரம். தையல் இயந்திரத்தின் மிதிபலகைச் சக்கரத்தையும் மேல் சக்கரத்தையும் தோல் வார் இணைக்கிறது அல்லவா? அதைப் போலத்தான். அந்த வாருக்குப் பல் முளைத்தால் அதுவே பட்டை வாள்.

சிறு இயந்திரங்களில் 19 அங்குலக் குறுக்களவுள்ள சக்கரம் மிகவும் வழக்கமானது. அதன் சுற்றளவு ஏறக்குறைய 5 அடி. வாள் நிமிடத்துக்கு 5000 அடி வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இது இவ்வகை இயந்திரங்களுக்குப் பொதுவான வேகம். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுற்றுகிறது. வாளின் நீளம் 158 அங்குலம், அதாவது 13 அடி 2 அங்குலம் என்றால், வாளின் ஒவ்வொரு பகுதியும் நிமிடத்துக்கு 380 முறை முழுச் சுற்று வருகிறது. ஒரு சுற்றில் இரண்டு சக்கரங்களின் மேல் இரண்டு முறை வளைந்து, இரண்டு முறை நிமிர்கிறது. ஆக, நிமிடத்துக்கு 760 வளைவு. ஒரு மணி நேரத்தில் 45,000-க்கும் மேல். ஒரு கம்பியைக் கையால் முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பது குழந்தைக்கும் தெரியும். இத்தனை வளைவையும் தாங்கும்படிதான் நல்ல வாளைச் செய்கிறார்கள். ஆனால் அதற்கு மேல் ஒரு வேண்டாத குலுக்கலைச் சேர்த்தால், பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றி, பிறகு வாள் அற்றுப் போகும்.

இனி ரப்பர் வளையத்துக்கு வருவோம். பல சிறு இயந்திரங்களில் சக்கரத்தின் விளிம்பில் ஒரு காடி, அதாவது பள்ளம், இருக்கும். அதற்குள் வி-பெல்ட் ஒன்று அழுத்தமாக உட்கார்ந்திருக்கும். 19 அங்குலச் சக்கரங்களுக்குப் பி-57 என்ற அளவுள்ள பெல்ட் பயன்படுவதுண்டு. வாள் அந்தப் பெல்ட்டின் முதுகில்தான் ஓடும். சக்கரத்தின் இரும்பைத் தொடவே கூடாது. வேறு சில இயந்திரங்களில் அகலமான ரப்பர் வளையமோ பாலியூரித்தேன் வளையமோ சக்கரத்தின் மேல் சட்டை போட்டது போல மாட்டியிருக்கும். பெரிய ஆலைகளிலுள்ள ஆள் உயரச் சக்கரங்களுக்கு இந்த வளையம் கிடையாது. அங்கே எஃகின் மேல் எஃகே ஓடும். அவற்றின் பராமரிப்பு முறை வேறு.

இந்த ரப்பர் எதற்கு? முதலாவது, வாளை வழுக்காமல் பற்றிக்கொள்ள. இரண்டாவது, மரத்தின் கணுவில் வாள் இடிக்கும்போது அந்த அதிர்ச்சியைத் தாங்க. மூன்றாவது காரணத்தைத் தச்சு வேலை செய்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். வாளின் பற்களை ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் சற்றே சாய்த்து வைத்திருப்பார்கள். செட் என்பது அதுதான். அந்தப் பற்கள் இரும்புச் சக்கரத்தின் மேல் அழுந்தினால் சாய்வு கெட்டுவிடும். வாள் மரத்துக்குள் இறுகிச் சூடேறும்.

நான்காவது காரணம்தான் மிகவும் அழகானது. பெல்ட்டின் முதுகு நடுவில் சற்று மேடாக இருக்கும். தட்டையான பட்டை ஒன்று மேடான சக்கரத்தின் மேல் ஓடினால், அது மேட்டிலிருந்து சரிந்து விழும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பதோ நேர்மாறு. பட்டை மேட்டை நோக்கியே ஏறி, அங்கேயே நிற்கும். மேட்டுப் பக்கமுள்ள விளிம்பு அதிகமாக இழுபடுவதால் பட்டை சற்றே வளைந்து, வந்து சேரும் ஒவ்வொரு பகுதியும் மேட்டுக்கு நெருக்கமாகவே சக்கரத்தில் உட்காருகிறது. பிள்ளைகள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தீர்ந்துபோன நூற்கண்டின் கட்டை இரண்டு எடுத்து, நடுவில் ஒட்டுத்தாளைச் சுற்றி மேடாக்கி, பாவாடைக்கு வைக்கும் எலாஸ்டிக் நாடாவை வளையமாகத் தைத்து மாட்டிச் சுற்றிப் பாருங்கள். நாடா நடுவுக்கு வந்து நிற்கும்.

வாள் சக்கரத்தை விட்டு ஓடிப்போகாமல் இருப்பதற்கு இந்தச் சிறு மேடு பெரிய காரணம் என்பதை மனத்தில் வையுங்கள். பெல்ட் தேய்ந்து முதுகு தட்டையானால் வாளுக்கு வீடு இல்லாமல் போகிறது. அது முன்னும் பின்னும் அலையும். அலைந்தால் பலகையும் அலையும்.

இப்போது அந்தத் தோட்டத்துக்குத் திரும்புவோம். மூடியைத் திறந்தோம். துணைச் சக்கரத்தின் பெல்ட்டில் ஓரிடம், ஒரு சாண் நீளத்துக்கு, சற்றே புடைத்திருந்தது. பெல்ட்டைக் கழற்றினேன். காடிக்குள் கறுப்பும் பழுப்புமாக ஏதோ ஒன்று பிசின் போல இறுகிக் கிடந்தது. பையன்கள் "கிரீஸும் மரத்தூளும்" என்றார்கள். அதற்குள் அவர்களுக்குத் தேநீர் கொண்டு வந்த தாயார் எட்டிப் பார்த்தார். விரலால் ஒரு துண்டைக் கிள்ளி, இழுத்து, மோந்து பார்த்தார்.

"இது கிரீஸ் இல்லடா. ஒட்டுப்பால். முப்பது வருசம் உரிச்சவளுக்குத் தெரியாதா?" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. பால்மரத்தில் பால் இருப்பது கட்டையில் அல்ல, பட்டையில். சாய்த்த மரத்தின் பட்டையில் பால் இன்னும் ஈரமாக இருக்கும்போதே வாள் அதை அறுக்கிறது. பால் வாளில் ஒட்டி, சக்கரத்துக்கு வந்து, அங்கே ஈர மரத்தூளோடு சேர்ந்து உறைகிறது. நாளுக்கு நாள் படை படையாக ஏறுகிறது. காடிக்குள் புகுந்ததோ பெல்ட்டைத் தூக்கிவிடுகிறது. நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுற்றும் சக்கரத்தில் ஒரே ஒரு புடைப்பு இருந்தால், வாளுக்கு நிமிடத்துக்கு 1000 அடி விழுகிறது. எட்டு வாள் போனதில் வியப்பில்லை. கடைக்காரர் மேல் பழியும் இல்லை.

"அப்படியானால் மரத்தைப் பத்து நாள் காய விட்டு அறுத்தால் என்ன?" என்று கேட்கலாம். கித்தா மரத்தில் அது நடவாது. அதன் கட்டையில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்ட சில நாளிலேயே நீலப் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். ஆகவே சீக்கிரம் அறுத்து, போரான் மருந்து ஏற்றி, உலர்த்த வேண்டும். முன்னாளில் இந்த மரம் விறகாகத்தான் போயிற்று. ரப்பர் ஷீட்டைப் புகைவீட்டில் காய வைக்கவும், செங்கற்சூளைக்கும் எரித்தோம். பிறை நகரில் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இரும்பாலையில், இரும்பை உருக்க இந்த மரத்தின் கரியைத்தான் பயன்படுத்தினார்கள். மருந்து ஏற்றும் முறை பரவிய பிறகுதான் 1980-களில் இது நாற்காலிக்கும் மேசைக்கும் உரிய மரமாயிற்று. இன்று மூவார் வட்டாரத்து மரச்சாமான் தொழிற்சாலைகளில் உங்கள் தோட்டத்து மரம் இல்லாத நாள் இராது. ஆக, பாலோடுதான் அறுத்தாக வேண்டும். சக்கரத்தைச் சுத்தமாக வைப்பது ஒன்றே வழி.

எப்போது சுத்தம் செய்வது? வாளை மாற்றும் ஒவ்வொரு முறையும். அதற்கென்று தனி நாள் குறிக்க வேண்டாம். வாள் கழன்றிருக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் சரியான நேரம். மரச் சீவல் ஒன்றைக் கூர் மழுங்கச் செதுக்கி வைத்துக்கொண்டு, இரண்டு பெல்ட்டின் முதுகையும் சக்கரத்தின் இரு விளிம்புகளையும் சுரண்டுங்கள். கத்தியோ உளியோ வேண்டாம். ரப்பரில் ஒரு சிறு வெட்டு விழுந்தால் அது வளரும். பால்வெட்டப் போகும்போது முந்திய நாள் ஒட்டுப்பாலை வெட்டுத் தடத்திலிருந்து உரித்தெடுத்துவிட்டுத்தானே கத்தியை வைக்கிறோம்? அதே பழக்கம்தான் இங்கும். அந்தத் தாயார் அன்று மாலையே ஒரு சீவலைச் செதுக்கி இயந்திரத்தின் கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

இங்கே ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். பால் ஒட்டாமல் இருக்க வாளின் மேல் டீசலைச் சொட்ட விடுகிறவர்கள் பலர். டீசல் பிசினைக் கரைக்கும் என்பது மெய்தான். ஆனால் அது ரப்பரையும் கெடுக்கும். ஒரு துண்டு ரப்பர் ஷீட்டை ஒரு மங்கு டீசலில் இரவெல்லாம் போட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். உப்பி, கொழகொழத்துப் போயிருக்கும். பெல்ட்டில் இருப்பது தோட்டத்துப் பால் மட்டும் அல்ல, செயற்கை ரப்பரும் சேரும். அது கொஞ்சம் கூடத் தாங்கும். என்றாலும் நாளடைவில் டீசல் அதற்கும் பகைதான். ஆகவே தண்ணீரே போதும். அதில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு. குழாயைத் திறந்துவிட்டுக் குளிப்பாட்ட வேண்டாம். சொட்டுச் சொட்டாக விழுந்தால் போதும். வாளில் பால் ஒட்டவில்லை என்றால் அதையும் குறைத்துவிடலாம். "பால் உறையாமல் இருக்க ஸ்டோரில் அமோனியா ஊற்றுவோமே, அதைக் கலந்தால் என்ன?" என்று அந்தத் தகப்பனார் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் நாள் முழுக்க அந்த இயந்திரத்தின் முன் நிற்பவனுடைய கண்ணும் தொண்டையும் என்ன ஆகும்? சோப்பே போதும் என்றேன்.

அடுத்து, தேய்மானம். மூடி திறந்திருக்கும்போது ஒரு நேரான இரும்பு அளவுகோலைச் சக்கரத்தின் அகலத்துக்குக் குறுக்கே பெல்ட்டின் மேல் வையுங்கள். நடு மேட்டில் மட்டும் அளவுகோல் பட்டு, இரு ஓரமும் இடைவெளி தெரிந்தால் நல்லது. முழு அகலத்திலும் ஒட்டிக்கொண்டால் முதுகு தட்டையாகிவிட்டது. அளவுகோல் சக்கரத்தின் இரும்பையே தொடும் அளவுக்கு வந்துவிட்டால், பெல்ட்டின் ஆயுள் முடிந்தது. அன்றே மாற்ற வேண்டும். பிறகு விரலால் தடவிப் பாருங்கள். கண்ணாடி போல் வழவழப்பாக இறுகியிருந்தாலும், வெடிப்பு ஓடியிருந்தாலும், உள்ளே நூல் தெரிந்தாலும் அதை வைத்திருப்பதில் பொருள் இல்லை.

இரண்டு பெல்ட்டும் ஒரே அளவில் தேய்வதில்லை. பொதுவாக 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை ஓட்டுச் சக்கரத்தின் பெல்ட்டைத் துணைச் சக்கரத்துக்கும் துணைச் சக்கரத்தினதை ஓட்டுச் சக்கரத்துக்கும் மாற்றிப் போட்டால் இரண்டும் கூடுதல் நாள் உழைக்கும். உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். புதிது வாங்கும்போது ஜோடியாக, ஒரே தயாரிப்பாக வாங்குங்கள். ஒன்று உயரமும் ஒன்று தாழ்வுமாக இருந்தால் வாள் இரு சக்கரத்திலும் ஒரே இடத்தில் ஓடாது. பெல்ட்டைக் கழற்ற மழுங்கிய தட்டைக் கம்பியைப் பயன்படுத்துங்கள். புதியதை மாட்டுமுன் காடியை ஈரத் துணியால் துடைத்து, உலரவிட்டு, கை விரலை உள்ளே விட்டு ஒரு சுற்று தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். அகலமான ரப்பர் வளையம் உள்ள இயந்திரமானால், புது வளையத்தைச் சற்று நேரம் வெந்நீரில் போட்டெடுத்தால் இளகி எளிதில் ஏறும்.

பெல்ட் நன்றாக இருந்தும் வாள் குலுங்கினால், தாங்கியைப் பாருங்கள். பேரிங் என்று நீங்கள் சொல்வதைத்தான் சொல்கிறேன். வாள் இல்லாமல், சாவியை எடுத்துவிட்டு, துணைச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். அமைதியாக ஓடி நின்றால் சரி. அரைக்கும் ஓசை வந்தால் உள்ளே குண்டு தேய்ந்திருக்கிறது. பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டக்கென்று ஆடினால் மாற்ற வேண்டியதுதான். மூடி வைத்த பேரிங்குக்கு கிரீஸ் தேவை இல்லை. கிரீஸ் அடிக்கும் வாய் உள்ளதற்கு அளவாக அடியுங்கள். மிஞ்சியது வெளியே தெறித்துப் பெல்ட்டின் மேல்தான் விழும். இன்னொன்று: மாலையில் இயந்திரத்தைக் கழுவும் ஆசையில் தண்ணீர்க் குழாயைப் பேரிங்கை நோக்கிப் பிடிக்காதீர்கள்.

வாளை மாட்டும் முறையிலும் சக்கரத்தின் நலன் அடங்கியிருக்கிறது. கையுறை போட்டு வாளை மாட்டி, இழுவையைக் கூட்டி, இஞ்சினை இயக்காமல் சக்கரத்தைக் கையால் சில சுற்று உருட்டிப் பாருங்கள். ஒன்றேகால் அங்குல வாளுக்கு, பல்லிடைப் பள்ளத்தின் அடி சக்கரத்தின் முன் விளிம்புக்கு ஏறக்குறைய 1/8 அங்குலம் வெளியே நிற்க வேண்டும். பல் சக்கரத்துக்கு உள்ளே போனால் செட் கெடும், பெல்ட்டும் அறுபடும். மிக வெளியே வந்தால் வாள் கழன்று விழும். ஒரு சக்கரத்தில் சரியாக நின்று மற்றதில் தவறினால், இரண்டு சக்கரமும் ஒரே தளத்தில் இல்லை என்று பொருள். அதைச் சரி செய்யும் திருகுகள் இருக்கின்றன; கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். பொறுமை இல்லாதவன் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஓடும்போது வாள் சூடேறி நீளும், இழுவை தளரும். ஆகவே இடையிடையே அளவுமானியைப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் இழுவையைத் தளர்த்திவிட வேண்டும். இறுக்கியபடியே விட்டால், இரவில் வாள் குளிர்ந்து சுருங்கி இன்னும் இறுகும். ரப்பரில் அந்த இடம் அழுந்திப் பள்ளமாகும். பேரிங்குக்கும் ஓய்வு இல்லை. தளர்த்துவதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆனால் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் மறந்துபோவது இதுதான். அந்தத் தோட்டத்துப் பையன்களும் மறந்துகொண்டுதான் இருந்தார்கள்.

பால்மரத்துக்கே உரிய இன்னோர் ஆபத்து உண்டு. மங்கு தாங்கிய கம்பி, பால் வடிய அடித்த தகரம் ஆகியவை சில மரங்களில் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். மேலே பார்த்தால் தெரியாது. அறுக்கும்முன் வெட்டுத் தடம் இருந்த பகுதியைக் கையால் தடவி, சந்தேகமான இடத்தில் பட்டையைக் கொத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். இழுத்து வந்ததில் அப்பிய மண்ணையும் தட்டிவிட வேண்டும். வாள் கம்பியில் மோதிவிட்டால் வாளை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டத் தொடங்காதீர்கள். பல் தெறித்துப் பெல்ட்டில் குத்தியிருக்கக்கூடும். சக்கரத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

இனி நான் சொல்லப் போவது என் கதை. என் இடக்கை மோதிர விரலில் நுனிக்கணு இல்லை. இளைஞனாக ஒரு சிறு ஆலையில் வேலை செய்த காலம். பெல்ட் தேய்ந்து வாள் அடிக்கடி கழன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து மூடுவது நேரக்கேடு என்று, மூடியைத் திறந்தபடியே ஓட்டச் சொன்னார்கள். நானும் சரி என்றேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். இஞ்சினை நிறுத்திய பிறகும் சக்கரம் தன் வேகத்தில் சிறிது நேரம் சுற்றும். வாள் நின்றுவிட்டதென்று எண்ணிக் கையை நீட்டினேன். ஓடும் பட்டை வாளின் பல் கண்ணுக்குத் தெரியாது; நிற்பது போலவே இருக்கும்.

எனவே, மூடி மூடியிருந்தால்தான் இஞ்சின் ஓட வேண்டும். மூடியைத் திறக்க வேண்டுமானால் இஞ்சின் நின்று, சாவி சட்டைப்பைக்கு வந்து, சக்கரமும் நின்றிருக்க வேண்டும். வாள் ஓடும் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. உடைந்தால் அது அந்த வழியாகத்தான் பாயும். மதியச் சோறு கொண்டு வரும் சின்னப் பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். முதலாளியிடம் கூலிக்கு வேலை செய்கிறவர்கள், தங்கள் பேர் சொக்சோவில் பதிந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேலையில் காயம் பட்டால், செய்தி அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அங்கே தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. உங்கள் அருகில் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தம்பிக்கும் இதைச் சொல்லலாம்.

நேரம் நெருங்குகிறது. இயந்திரத்தை இழுத்துச் செல்லும் தரைச் சக்கரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. செம்மண் பாதையில் குலுங்கிப் போன பிறகு சக்கரத்தின் மரைகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். டயரில் காற்றை டயரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு தாண்டாமல் அடியுங்கள். அறுக்கத் தொடங்குமுன் தாங்கு கால்களை இறக்கி, எடை முழுவதும் அவற்றின் மேல் நிற்கும்படி செய்யுங்கள். டயரின் மேலேயே நிற்க வைத்து அறுத்தால் சட்டம் முழுவதும் ஆடும். மூடிக்குள் எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தாலும் பலகை கோணும்.

அந்தப் பையன்களின் காடியைச் சுத்தம் செய்து, புது ஜோடி பெல்ட் மாட்டி, இழுவையைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு பெல்ட் வாங்கிய பணம் அவர்கள் இழந்த எட்டு வாளின் பணத்தோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. பிறகு ஒரு தீபாவளிக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடியில் மரச் சீவலும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் உதிரி பெல்ட்டுகளை இயந்திரத்தின் மேலேயே வெயிலில் மாட்டி வைத்திருந்தார்கள். வெயில் பட்டால் ரப்பர் வெடித்துப் போகும் என்று சொல்லி, உள்ளே நிழலில், மடங்காமல், எண்ணெய் டின்னுக்கு எட்ட, ஆணியில் அல்லாமல் தடித்த கட்டையில் தொங்கவிடச் சொன்னேன்.